இன்டெல்லின் உலையும் மாறிக்கொண்டே இருந்த மேஸ்திரிகளும்

கும்மிடிப்பூண்டியில் வளர்ந்தவனுக்கு ஃபவுண்டரி என்றால் ஒன்றுதான் கண் முன் வரும். மணல், மோல்டு, உருக்கிய இரும்பு, அப்புறம் துவைத்தாலும் போகாத கரி. என் மாமா (அம்மாவின் தம்பி) சிப்காட்டில் அப்படி ஒரு வார்ப்பாலையில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறார். அதனால்தான், "இன்டெல் ஃபவுண்டரிக்கு 2024-ல் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்" என்று நான் ஒருநாள் சத்தமாகப் படித்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஃபவுண்டரிடா அது? மாசம் எத்தினி டன்னு?"

டன் இல்லை மாமா, இது கம்ப்யூட்டர் சிப் செய்கிற இடம், அதற்கும் ஃபவுண்டரி என்றுதான் பேர் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: "நஷ்டம்னா, ரிஜெக்ஷன் ஜாஸ்தியா, இல்ல ஆர்டர் கம்மியா?"

இரண்டாவது: "அதுக்கு இன்னா பண்ணாங்க? புது ஆள் போட்டாங்களா? ஆள மாத்துனா ரிஜெக்ஷன் கொறஞ்சிடுமா மாப்ள?"

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிற எனக்கு இரண்டுக்கும் அப்போது பதில் தெரியவில்லை. காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் படித்துப் படித்து எழுதியதுதான் இது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நண்பர்கள் தப்பு இருந்தால் மன்னிக்கவும். நான் பார்ப்பது கணக்குப் பிள்ளையின் கண்ணால்.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1968-ல் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்ற இருவர் ஃபேர்சைல்டு கம்பெனியை விட்டு வெளியே வந்து கலிபோர்னியாவில் இன்டெல்லைத் தொடங்கினார்கள். ஆண்டி குரோவ் ஆரம்பத்திலேயே கூட வந்துவிட்டார். முதலில் அவர்கள் பிழைத்தது மெமரி சிப்பால். 1971-ல் 4004 என்ற நுண்செயலி வந்தது. ஒரு நகம் அளவு சில்லுக்குள் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள். ஆனால் அப்போதும் கல்லா நிரப்பியது மெமரிதான்.

எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் உள்ளே வந்தார்கள். அதே மெமரி, விலை குறைவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், தரம் அதிகம். அவர்களுடைய தொழிற்சாலைகளில் நூறு சில்லு செய்தால் தேறுவது அமெரிக்கர்களுக்குத் தேறுவதைவிட அதிகம். அதாவது மாமா பாஷையில் ரிஜெக்ஷன் கம்மி. இன்டெல் திணறியது.

1985-ல் நடந்ததாக குரோவ் பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதிய ஒரு காட்சி இருக்கிறது. நிர்வாகவியல் வகுப்பில் யாராவது ஒரு ஆசிரியர் இதைச் சொல்லாமல் விட மாட்டார். குரோவின் அறை. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கிறது. குரோவ் மூரைப் பார்த்துக் கேட்கிறார்: நம்மை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு, போர்டு ஒரு புது ஆளைக் கொண்டுவந்தால், அவன் முதலில் என்ன செய்வான்? மூர் தயங்காமல், மெமரியை மூடிவிடுவான் என்கிறார். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, அதைச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கிறார் குரோவ்.

செய்தார்கள். 1986-ல் இன்டெல்லுக்கு 17.3 கோடி டாலர் நஷ்டம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. ஆனால் நுண்செயலிக் கம்பெனியாக மறுபடி எழுந்தது. அடுத்த இருபது வருஷம் அதுதான் ராஜா.

இந்தக் கதையை எல்லோரும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அங்கே வெளி ஆள் யாரும் வரவே இல்லை! வெளி ஆள் வந்தால் எப்படிப் பார்ப்பான் என்று உள் ஆட்களே யோசித்தார்கள். அந்த இருவருக்கும் உலையின் சூடு தெரியும். இரண்டு பேருமே முனைவர் பட்டம் வாங்கியவர்கள், சிலிக்கானைக் கையால் தொட்டவர்கள். பின்னால் வரப்போகிற கதைக்கு இது முக்கியம்.

குரோவுக்குப் பின் 1998-ல் கிரெய்க் பேரட் வந்தார். தொழிற்சாலைகளைச் சீர்படுத்தியவர் அவர்தான். ஒரு தொழிற்சாலையில் வெற்றி பெற்ற முறையை அடுத்த தொழிற்சாலையில் அச்சு அசலாக, கருவி கருவியாக, குழாய் குழாயாக நகல் எடுக்கும் வழக்கம் அப்போது இன்டெல்லின் வேதம். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அதான் கரெக்டு. மணல்ல தண்ணி ஒரு சொட்டு மாறினாலே காஸ்டிங்ல ஓட்ட வுழும்" என்றார்.

2005-ல் பால் ஒட்டெலினி வந்தார். இவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இவர் நம்ம ஆள். பொருளாதாரம் படித்து எம்.பி.ஏ. முடித்தவர். இன்டெல்லின் தலைமைக்கு வந்த பொறியாளர் அல்லாத முதல் மனிதர். அவர் காலத்தில் விற்பனையும் லாபமும் நன்றாகவே ஏறின. ஆனால் ஒரு கணக்கு தப்பியது.

ஆப்பிள் தன் ஐபோனுக்காக ஒரு சிப் செய்து தரச் சொல்லிக் கேட்டது. ஆப்பிள் கொடுக்கத் தயாராக இருந்த விலை, இன்டெல் போட்டுப் பார்த்த அடக்க விலையைவிடக் குறைவு. வேண்டாம் என்றார்கள். 2013-ல் பதவி விலகும்போது ஒட்டெலினியே ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதை ஒப்புக்கொண்டார். அடக்க விலை மதிப்பீடு தவறு, விற்பனை அளவு எல்லோரும் நினைத்ததைவிட நூறு மடங்கு அதிகம், உள்ளுணர்வு சரி என்று சொன்னதை நான் கேட்கவில்லை என்ற பொருளில் பேசியிருந்தார். கைபேசி சிப் செய்துகொண்டிருந்த எக்ஸ்ஸ்கேல் பிரிவையும் 2006-லேயே மார்வெல் கம்பெனிக்கு விற்றாயிற்று. ஐபோன் வந்தது 2007-ல்!

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குத் தெரியும். நிலையான செலவு மலை மாதிரி இருக்கும் தொழிலில், ஒரு சில்லுக்கான அடக்க விலை எத்தனை சில்லு செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. எண்ணிக்கை தப்பினால் விலையும் தப்பும். நம்ம ஆள் சறுக்கியது நம்ம பாடத்திலேயே.

அந்த ஐபோன் ஆர்டரும், அதைப் போன்ற கோடிக்கணக்கான கைபேசி ஆர்டர்களும் போகப் போக எங்கே போய்ச் சேர்ந்தன? தைவானுக்கு. 1987-ல் மோரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி, சொந்தமாக ஒரு சிப்பைக்கூட வடிவமைக்காத கம்பெனி. அடுத்தவர் வரைந்து கொடுத்ததைச் செய்து தருவது மட்டுமே வேலை. நம்மூர் ஜாப் ஒர்க் மாதிரி. ஆனால் உலகத்தின் ஜாப் ஒர்க் முழுவதும் ஒரே பட்டறைக்கு வந்தால் அந்தப் பட்டறைக்காரனுக்குக் கை எப்படிப் பழகும் என்று யோசித்துப் பாருங்கள். மாமாவின் முதல் கேள்விக்கு இங்கே பாதி பதில் இருக்கிறது. ஆர்டர் அதிகமானால் கை பழகும், கை பழகினால் ரிஜெக்ஷன் குறையும், ரிஜெக்ஷன் குறைந்தால் இன்னும் ஆர்டர் வரும். இன்டெல் இந்தச் சக்கரத்தில் ஏறவில்லை.

இப்போது ரிஜெக்ஷன் விஷயத்துக்கு வருவோம். சிப் தொழிலில் இதை ஈல்டு என்கிறார்கள், அதாவது தேறும் விகிதம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒரே நேரத்தில் உருவாக்குகிறார்கள். ஒளியால் கோடு வரைந்து, அரித்து, படிய வைத்து, மறுபடி வரைந்து என்று நூற்றுக்கணக்கான படிகள். ஒரு தட்டு உள்ளே போய் வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். முடிவில் சோதித்தால் சில செத்திருக்கும். தட்டு ஒன்றுக்கு ஆகும் செலவு ஒன்றுதான், எத்தனை தேறினாலும். பாதி செத்தால் மீதிப் பாதியின் அடக்க விலை இரட்டிப்பு.

வார்ப்பாலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாமா ஆலையில் ரிஜெக்ட் ஆனதைத் திரும்ப உருக்கலாம். செத்த சில்லை உருக்க முடியாது.

2014 வாக்கில் 14 நானோமீட்டர் தாமதமானது. பரவாயில்லை என்று விட்டார்கள். அடுத்தது 10 நானோமீட்டர். 2016 வாக்கில் வரவேண்டியது. 2018-ல் பேருக்குக் கொஞ்சம் வந்தது, உருப்படியான அளவில் வந்தது 2019-ல்தான். என்ன ஆயிற்று? ஒரே தாவலில் சுமார் 2.7 மடங்கு டிரான்சிஸ்டர்களை அதே இடத்துக்குள் அடைக்க ஆசைப்பட்டார்கள். வழக்கமாக இரண்டு மடங்குதான் வைப்பார்கள். கம்பிக்குச் சில இடங்களில் செம்புக்குப் பதில் கோபால்ட். அதோடு, கடும் புற ஊதா ஒளி (இதை ஈயுவி என்பார்கள்) இயந்திரம் இன்னும் தயாராகவில்லை என்று, பழைய ஒளியை வைத்தே ஒரே அடுக்கை நான்கு முறை பிரித்துப் பிரித்து வரைந்தார்கள். வரையும் தடவை கூடக் கூடப் பிசகும் கூடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஈயுவி இயந்திரத்தை உருவாக்க ஏஎஸ்எம்எல் என்ற டச்சுக் கம்பெனிக்கு 2012-லேயே 400 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, அதன் 15 சதவீதப் பங்கு உட்பட வாங்கியது இதே இன்டெல்தான். விதைக்குக் காசு கொடுத்தவன் ஒருவன், முதலில் பெரிய அறுவடை செய்தது டிஎஸ்எம்சி.

சரி, ஆள் மாற்றும் படலம். 2013-ல் வந்த பிரையன் கிர்சானிச் உள் ஆள், தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்தவர். அவர் வெளியிலிருந்து பெரிய பெயர்களைக் கொண்டுவர ஆரம்பித்தார். 2015-ல் குவால்காமிலிருந்து வெங்கட 'மூர்த்தி' ரெண்டுசிந்தலா. 2017-ல் ஏஎம்டியிலிருந்து ராஜா கொடூரி. 2018-ல் டெஸ்லாவிலிருந்து ஜிம் கெல்லர், சிப் வடிவமைப்பாளர்களில் ஒரு சூப்பர் ஸ்டார். அதே 2018 ஜூனில், ஊழியர் ஒருவருடனான உறவு கம்பெனி விதிக்கு முரண் என்று கிர்சானிச்சே போக வேண்டியதாயிற்று. அந்த நாற்காலியில் 2019 ஜனவரியில் உறுதியாக உட்கார்ந்தவர் பாப் ஸ்வான், நிதி அதிகாரி, ஈபேயில் இருந்தவர். மறுபடியும் நம்ம ஆள்!

வந்த பெயர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் வடிவமைப்புக்காரர்கள், நிதிக்காரர். நோவு இருந்தது உலையில். எனக்கு இது, அடுப்பு எரியவில்லை என்றதும் புது சமையல் குறிப்புப் புத்தகம் வாங்கினது போலத் தெரிகிறது.

2020 ஜூலை 23. அடுத்த தலைமுறையான 7 நானோமீட்டரின் தேறும் விகிதம் இலக்குக்கு ஓராண்டு பின்னால் இருக்கிறது என்று ஸ்வான் அறிவித்தார். தேவைப்பட்டால் வெளியில் கொடுத்துச் செய்து வாங்குவோம் என்றும் சொன்னார். மறுநாள் பங்கு 16 சதவீதம் விழுந்தது. நான்கு நாளில் ரெண்டுசிந்தலா வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. கெல்லர் முந்தின மாதமே போய்விட்டார். தொழில்நுட்ப வளர்ச்சிப் பொறுப்பு ஆன் கெல்லெஹரிடம் போனது. 1996 முதல் இன்டெல்லில் இருந்த அயர்லாந்துக்காரர். அதாவது, சுற்றி வந்து கடைசியில் தொழிற்சாலை தெரிந்த உள் ஆளிடமே.

இங்கே கொஞ்சம் நம் நாட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம். சிப் செய்யத் திணறிய கதை நம்மிடமும் உண்டு, இன்னும் வேதனையான கதை. மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனத்துக்கு 1976-ல் ஒப்புதல் கிடைத்தது. 1984-ல் உற்பத்தி தொடங்கியது, அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொடுத்த 5 மைக்ரான் தொழில்நுட்பத்தில். டிஎஸ்எம்சி அப்போது பிறக்கவே இல்லை. மொகாலிப் பொறியாளர்கள் அதைப் படிப்படியாக 0.8 மைக்ரான் வரை கொண்டுவந்தார்கள். 1989 பிப்ரவரி 7-ம் தேதி தொழிற்சாலை தீக்கிரையானது. மறுபடி உற்பத்தி தொடங்கியது 1997-ல். எட்டு வருஷம்! சிப் தொழிலில் எட்டு வருஷம் என்றால் ஒரு யுகம். அதே 1989-ல் இன்டெல் 486 சிப்பை வெளியிட்டது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் பேட் கெல்சிங்கர் என்ற இளைஞர். மொகாலி திரும்ப எழுந்து நின்றபோது உலகம் பென்டியம் இரண்டுக்குப் போய்விட்டது.

2006-ல் மொகாலி விண்வெளித் துறைக்குப் போய் ஆய்வகம் ஆனது. பிறகு இஸ்ரேலின் டவர் கம்பெனித் தொழில்நுட்பத்தில் 180 நானோமீட்டர் வந்தது. 2022-ல் மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழ் மாற்ற முடிவானது. ராக்கெட்டுக்கான விக்ரம் 3201 என்ற 32-பிட் செயலி அங்கே தயாரானதுதான், 2025 செப்டம்பரில் டெல்லியில் பிரதமரிடம் கொடுத்தார்கள். 180 நானோமீட்டரா என்று சிலர் கேலி செய்கிறார்கள். ராக்கெட்டுக்கு அது போதும் ஐயா, அதில் யாரும் கேம் விளையாடப் போவதில்லை. ஆனால் சந்தையில் விற்றுப் பிழைக்கும் கம்பெனியாக மொகாலி ஆகவில்லை என்பதும் உண்மை.

திரும்ப கலிபோர்னியா. அந்த 486 இளைஞர் கெல்சிங்கர் 1979-ல் பதினெட்டு வயதில் இன்டெல்லில் சேர்ந்தவர், குரோவின் சிஷ்யர், 2009-ல் வெளியே போய் விஎம்வேர் கம்பெனியின் தலைவரானவர். 2021 பிப்ரவரியில் அவரை வரவழைத்தார்கள். உள் ஆளும் வெளி ஆளும் ஒருவரே! சினிமாவில் கிராமத்துக்குத் திரும்பி வரும் மூத்த மகன் மாதிரிதான் எல்லோரும் பார்த்தார்கள்.

வந்த அடுத்த மாதமே அரிசோனாவில் 2,000 கோடி டாலரில் இரண்டு தொழிற்சாலை என்றார். பிறருக்கும் சிப் செய்து தருவோம், ஜாப் ஒர்க் எடுப்போம் என்றார். நான்கு வருஷத்தில் ஐந்து தலைமுறைத் தொழில்நுட்பம் என்றார். 2022-ல் ஓஹையோ, ஜெர்மனி என்று அடுத்தடுத்து அறிவிப்பு. ஜாப் ஒர்க் அனுபவத்துக்காக அதே டவர் கம்பெனியை 540 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். சீன அரசின் அனுமதி வராமல் 2023 ஆகஸ்டில் அது முறிந்தது. முறிவுக்கு அபராதமாக 35.3 கோடி டாலர் கொடுத்தார்கள்.

இப்போது என் பாடம். 2023 ஜனவரியில் இன்டெல் தன் இயந்திரங்களின் ஆயுளை 5 வருஷத்திலிருந்து 8 வருஷமாக மாற்றி எழுதியது. ஒரு இயந்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கி 5 வருஷம் என்றால் வருஷம் 20 ரூபாய் தேய்மானம், 8 வருஷம் என்றால் 12.50. இயந்திரம் அதேதான், லாபம் மட்டும் கூடும். அந்த ஒரு மாற்றத்தால் 2023-ல் தேய்மானம் சுமார் 420 கோடி டாலர் குறைந்தது. சட்டப்படி இது தப்பு இல்லை. நிஜமாகவே இயந்திரங்கள் அதிக நாள் ஓடினால் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் 2024 மூன்றாம் காலாண்டில் என்ன நடந்தது? சில உற்பத்திச் சொத்துகளின் மதிப்பைக் குறைத்தும் தேய்மானத்தை முன்கூட்டி எழுதியும் 310 கோடி டாலர் செலவு காட்டினார்கள். அதில் பெரும்பகுதி இன்டெல் 7 என்று பெயர் மாற்றப்பட்ட பழைய 10 நானோமீட்டர் வகை இயந்திரங்களுக்கு. எட்டு வருஷம் ஓடும் என்று எழுதிய பேனாவே, இவ்வளவு இயந்திரத்துக்கு வேலை இல்லை என்றும் எழுதியது. இதை லோக்கலில் மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவில் படித்தேன். நோட்டில் எழுதிய தேய்மானக் கணக்கெல்லாம் திடீரென்று உயிர் வந்தது போல இருந்தது.

நடுவில் 2024 ஏப்ரலில் முதன்முறையாக உற்பத்திப் பிரிவின் கணக்கைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 2023-ல் அந்தப் பிரிவுக்கு மட்டும் 700 கோடி டாலர் நஷ்டம். அதுவரை வடிவமைப்புப் பிரிவின் லாபத்துக்குள் ஒளிந்திருந்த உண்மை அது. இதைச் செய்ததற்காகவே கெல்சிங்கருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்பது என் கருத்து. நோய் எங்கே என்று கணக்குப் புத்தகம் முதலில் சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்ட் 1: சுமார் 15,000 பேருக்கு வேலை போகும், ஈவுத்தொகை நிறுத்தம் என்று அறிவிப்பு. மறுநாள் பங்கு 26 சதவீதம் வீழ்ச்சி. நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து இன்டெல்லை எடுத்துவிட்டு என்விடியாவைச் சேர்த்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கெல்சிங்கர் வெளியே. அந்த வருஷ மொத்த நஷ்டம் 1,880 கோடி டாலர் அளவு.

கெல்சிங்கர் போவதற்கு முன் செய்த ஒரு நியமனம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 2024 ஆகஸ்டில் உலகம் முழுவதுமுள்ள இன்டெல் தொழிற்சாலைகளின் பொறுப்புக்கு நாக சந்திரசேகரன் வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, ஓக்லஹோமாவில் முனைவர் பட்டம் வாங்கியவர். மைக்ரான் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, அதன் தொழில்நுட்ப வளர்ச்சியைத் தலைமை தாங்கியவர். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஏறக்குறைய முப்பது வருஷம் இன்டெல்லிலேயே இருந்து ஓய்வு பெற்ற கெய்வான் எஸ்ஃபர்ஜானி.

மைக்ரான் என்ன செய்யும் கம்பெனி? மெமரி! 1985-ல் இன்டெல் கைகழுவிய அதே மெமரி. அந்தத் தொழிலில் லாப விகிதம் மெல்லிசு, விலை ஏறி இறங்கும், ரிஜெக்ஷனை நூல் பிடித்துக் குறைக்காதவன் செத்தான். ஜப்பானையும் கொரியாவையும் எதிர்த்து அமெரிக்காவில் மிஞ்சிய பெரிய மெமரி கம்பெனி அதுதான். நுண்செயலியின் கொழுத்த லாபத்தில் பல வருஷம் சோம்பிப்போன ஆலைக்கு, சில்லறைக் காசு எண்ணிப் பழகியவரைக் கூட்டிவந்தது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. இந்தத் தடவைதான் நோவு இருந்த இடத்துக்கு வைத்தியர் வந்தார்.

2025 மார்ச்சில் தலைமைக்கு லிப்-பூ டான் வந்தார். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர், கேடென்ஸ் என்ற சிப் வடிவமைப்பு மென்பொருள் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர். இன்டெல் போர்டில் இருந்து 2024 ஆகஸ்டில் விலகியவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் அடுக்கடுக்கான மேலாளர்களைக் குறைத்தார். வருஷ முடிவில் 75,000 பேர் போதும் என்றார். ஜெர்மனித் திட்டத்தை ரத்து செய்தார். 2025-ல் ஓடவேண்டிய ஓஹையோ ஆலை அவர் வரும் முன்பே 2030-க்குத் தள்ளிப்போயிருந்தது. பெரிய வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறையான 14ஏ-வை நிறுத்தவும் நேரலாம் என்று ஜூலை மாத அறிக்கையில் எழுத்தில் கொடுத்தார்கள். ஆர்டர் முதலில், கட்டடம் பிறகு. கெல்சிங்கர் கட்டடம் முதலில் என்றவர்.

ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்தது. (டான் பதவி விலக வேண்டும் என்று அமெரிக்க அதிபர் சொல்லி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.) செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. அதே மாதம் சந்திரசேகரனின் பொறுப்பு விரிந்தது. தொழில்நுட்ப வளர்ச்சி, உற்பத்தி இவற்றோடு வெளி வாடிக்கையாளர் சேவையும் அவரிடம் வந்தது. அதாவது ரிஜெக்ஷனுக்கும் ஆர்டருக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டும். அக்டோபரில் அரிசோனாவின் ஃபேப் 52 ஆலையில் 18ஏ தொழில்நுட்பத்தில் சிப் உற்பத்தி ஓடுவதாகக் காட்டினார்கள். சில்லின் முதுகுப் பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்கும் புது ஏற்பாடு அதில் இருக்கிறது.

கதை இதோடு குஜராத்துக்கு வருகிறது. இன்டெல்லின் ஜாப் ஒர்க் பிரிவை முதலில் நடத்தியவர் ரந்தீர் தாக்கூர். அவர் 2023-ல் டாடா எலக்ட்ரானிக்ஸ் தலைவராக வந்துவிட்டார். நம் ஓசூரில் ஐபோன் பாகங்கள் செய்கிறார்களே, அதே கம்பெனி. தைவானின் பிஎஸ்எம்சி தொழில்நுட்பத்தோடு தொலேராவில் சிப் ஆலையும், அசாமில் சிப்பை உறையிலிட்டுச் சோதிக்கும் ஆலையும் கட்டுகிறார்கள். 2025 டிசம்பரில் இன்டெல்லும் டாடாவும் சேர்ந்து இங்கே சிப் செய்வது பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொல்லி முடித்தேன். ரிஜெக்ஷனா ஆர்டரா என்றால் இரண்டும்தான் மாமா, முதலில் ரிஜெக்ஷன், அதனால் ஆர்டர் போச்சு, ஆர்டர் போனதால் ஆலை சும்மா கிடந்து நஷ்டம் என்றேன். ஆள் மாற்றிய கேள்விக்கு, உலை தெரிந்த ஆளை மாற்றினால் குறையலாம், ஆனால் ஒரு தலைமுறை மாறவே மூன்று நான்கு வருஷம் ஆகும், அதுவரை போர்டு பொறுமையாக இருக்க வேண்டும் என்றேன்.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப அந்தக் கெல்சிங்கர் போட்ட ரூட்லதான் இப்ப வண்டி ஓடுது, இன்னா?"

18ஏ அவர் தொடங்கியதுதான். சந்திரசேகரனும் அவர் காலத்தில் வந்தவர்தான். ஆமாம் என்றேன்.

"மெடல் புது ஆளுக்கா?"

அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது மாமா, தேறுகிறதா என்று பார்க்கணும் என்று சொன்னேன். அவர் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு, இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பினார். நான் தொலேரா ஆலையின் கணக்கு எப்போது தனியாக வெளிவரும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வந்தால் முதலில் பார்க்கப் போவது இயந்திரத்துக்கு எத்தனை வருஷம் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.